இரண்டாகப் பிரிந்த வெள்ளி

2 மே 1973, புதன்

சிங்கப்பூர் பஸ் பதினேழு நிமிடம் தாமதம். இரு நாட்டையும் இணைக்கும் பாலத்தின் நடுவில் கோழி லாரி ஒன்று நின்றுவிட்டது. இரண்டு கோழிகள் தப்பின. ஒன்று பிடிபட்டது. மற்றது எந்த நாட்டுப் பக்கம் ஓடியது என்பதில் பயணிகளிடையே கருத்து வேறுபாடு.

நான் கோலாலம்பூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு, மலேசிய எல்லை நகரமான ஜொகூர் பாருவில் நிருபர். சிங்கப்பூர் என் எல்லைக்குள் வராது. ஆனாலும் புதன்கிழமைதோறும் ஒரு நடை போய் வருகிறேன். கப்பல் வருகை, சந்தை விலை என்று ஏதாவது கிடைக்கும். வாரத்துக்கு ஒரு பஸ் கட்டணம் ஆசிரியர் அனுமதித்திருக்கிறார்.

பஸ்ஸில் குணசுந்தரி இருந்தார். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் தட்டச்சர். ஜொகூர் பாருவில் அண்ணன் வீட்டில் தங்கி, தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர். ஆறு வருடம் படுக்கையில் இருந்த தாயாரைப் பார்த்துக்கொண்டார். தாயார் போன வருடம் காலமானார். வயது முப்பத்திரண்டு. (இதெல்லாம் அவரே சொன்னது. நான் கேட்கவில்லை.) அவர் பக்கத்து இருக்கையில் கைப்பை இருந்தது. நான் ஏறியதும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேறு இருக்கை இல்லாததால் அங்கேயே உட்கார்ந்தேன்.

நடத்துநர் கொடுத்த மீதிச் சில்லறையில் சிங்கப்பூர் பத்துக் காசு ஒன்று, மலேசியப் பத்துக் காசு ஒன்று. அதில் கடல்குதிரை, இதில் பாராளுமன்றக் கட்டடம்.

"ஆறு வருசமா ரெண்டும் ஒரே பைக்குள்ள கெடக்கு, சண்டையே போடல பாருங்க" என்றார் குணசுந்தரி.

துறைமுகச் செய்தி எதுவும் கிடைக்கவில்லை.

5 மே, சனி

மூன்று சட்டை, ஒரு வேட்டி துவைத்தேன். கீழ்த்தளத்தில் சலூன் வைத்திருக்கும் பொன்னுரங்கம்தான் எனக்கு அறை வாடகைக்கு விட்டவர். மாடியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன நிருபரே, புதன்கிழமை போடுற சட்டைய சனிக்கிழமையே தேய்க்கிறீங்க?"

இஸ்திரி சூடாக இருந்தது என்றேன்.

8 மே, செவ்வாய்

பெரிய செய்தி. இரு நாட்டுப் பணமான மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் இனி சமமில்லை. ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை மலேசிய அரசு முடித்துக்கொண்டது.

கோலாலம்பூரிலிருந்து ஆசிரியர் தொலைபேசியில் கத்தினார். "யோவ் ஏகாம்பரம்! நாலு பத்தி பின்னணி வேணும். அரை மணி நேரத்துல! கதை வேண்டாம், விவரம்!"

இருபத்தாறு நிமிடத்தில் கொடுத்தேன். மறக்காமலிருக்க இங்கேயும் குறித்து வைக்கிறேன். 1967 ஜூன் 12 வரை மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றுக்கும் ஒரே நோட்டு, மலாயா–பிரிட்டிஷ் போர்னியோ வெள்ளி. அன்றைக்கு மூன்று நாடுகளும் தனித்தனி நோட்டு வெளியிட்டன. படம் வேறு, மதிப்பு ஒன்று. எந்த நாட்டு நோட்டையும் எந்த நாட்டுக் கடையிலும் நீட்டலாம். அதே வருடம் நவம்பரில் பிரிட்டிஷ் பவுன் விழுந்தது. பவுனோடு கட்டியிருந்த பழைய நோட்டும் கூடவே விழுந்தது. புதிய நோட்டுகள் விழவில்லை. பழைய ஒரு வெள்ளிக்குப் புதிய எண்பத்தைந்து காசுதான் கிடைத்தது. அந்தக் கோபம் இன்னும் பலருக்குத் தீரவில்லை. இப்போது இது.

ஆசிரியர் சொன்னார்: "நல்லாருக்கு. பவுன் கதைய வெட்டிட்டேன், எடம் இல்ல."

9 மே, புதன்

ஊர் முழுக்கக் குழப்பம். சீனர் காப்பிக் கடையில் சிங்கப்பூர் வெள்ளியை வாங்க மறுத்தார்கள். பக்கத்துக் கடையில் வாங்கினார்கள், ஆனால் ஐந்து காசு குறைத்து. மூன்றாவது கடைக்காரர் இரண்டு கடைகளையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு தன் கடையைத் திறக்கவே இல்லை. பொன்னுரங்கம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மைலோ டின்னை வைத்து அதில் சிங்கப்பூர் காசை மட்டும் போடுகிறார்.

"விலை ஏறினா டின்ன தொறப்பேன், எறங்கினா கல்லாவ தொறப்பேன். அவ்வளவுதான் லா" என்றார்.

பஸ்ஸில் குணசுந்தரி அதிகம் பேசவில்லை. பாலம் தாண்டியபின் கேட்டார்: "எனக்குச் சம்பளம் அங்க. அரிசி பருப்பு இங்க. நாளைக்கு என் சம்பளம் எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? கம்பெனிக்கே தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். நிருபருக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

10 மே, வியாழன்

ஆசிரியரின் உத்தரவு: இனி தினமும் முதல் பக்கத்தின் கீழே ஒரு பெட்டி. நூறு மலேசிய வெள்ளிக்கு எத்தனை சிங்கப்பூர் வெள்ளி, வாங்கும் விலை, விற்கும் விலை. வங்கி விலை எல்லாரிடமும் இருக்கும். நமக்குக் கடைவீதி விலை வேண்டும். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் பஸ் கட்டணம் உண்டு.

பொன்னுரங்கம் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டே கேட்டார். "இதுக்கு எதுக்குத் தினமும் போறீங்க? போன் போட்டுக் கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

விலைப் பலகையைக் கண்ணால் பார்த்து எழுதுவதுதான் முறை என்று விளக்கினேன். சவரம் செய்துகொண்டவர் தலையாட்டினார். கத்தி இருந்ததால் மெதுவாக ஆட்டினார்.

நாளைக்கு நீலச் சட்டை.

11 மே, வெள்ளி

ராஃபிள்ஸ் பிளேஸை ஒட்டிய சேஞ்ச் அலிச் சந்தில் செய்யது மசூது ராவுத்தரின் கடை. கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு முக்காலி, ஒரு கரும்பலகை. கடையநல்லூர்க்காரர். நாற்பது வருடமாக இதே சந்தில் வெளிநாட்டுப் பணம் மாற்றிக் கொடுக்கிறார். நிறைய கடைகளைப் பார்த்தேன். இவர் பலகையில்தான் எண்கள் தெளிவாக இருந்தன. கடை குணசுந்தரியின் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் இருப்பது தற்செயல்.

"பேப்பர்காரரா? பேரு போடாதியும் வே. விலைய மட்டும் போடும்" என்றார். பிறகு முக்காலியை என் பக்கம் தள்ளினார். "எங்கத்தா காலத்துல அறுபது வெள்ளிக்கு ஏழு இங்கிலீஷ் பவுன். அறுபது வருசம் அதே வெல. பலகையே தேவையில்ல. சின்னப் புள்ளைய எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். அறுபத்தேழுல என்ன ஆச்சு? பழைய நோட்டு நூறு வெள்ளி வச்சிக்கிட்டு படுத்தேன். காலையில எந்திரிச்சா எம்பத்தஞ்சு. ஒரு நாள் தூங்கினதுக்குப் பதினஞ்சு வெள்ளி வாடகை வே!"

அவரே சிரித்தார். நானும் சிரித்தேன்.

விலை: வாங்குவது 99.20, விற்பது 99.80. ஐந்து இருபதுக்குத் தலைமை அஞ்சலகத் தொலைபேசிக் கூண்டிலிருந்து கோலாலம்பூருக்குச் சொன்னேன். ஐந்து முப்பதுக்குக் குணசுந்தரி அந்தப் பக்கமாக வந்தார். ஊருக்குத் திரும்பும் பஸ் ஒன்றே என்பதால் சேர்ந்து நடந்தோம்.

16 மே, புதன்

99.15, 99.75. மழை. அவரிடம் குடை இருந்தது.

22 மே, செவ்வாய்

99.25, 99.85. மழை இல்லை. குடை இருந்தது.

25 மே, வெள்ளி

பாலத்தில் கடவுச்சீட்டு பார்க்கும் குடிநுழைவு வரிசையில் நாற்பது நிமிடம். குணசுந்தரி ஒரு விஷயம் சொன்னார். அவர் அண்ணன் தணிகாசலம் ரயில் நிலையத்தில் சரக்குப் பிரிவுக் குமாஸ்தா. அவரிடம் ஒரு வரன் வந்திருக்கிறதாம். சிங்கப்பூரில் தபால் இலாகா வேலை. தோ பாயோவில் எட்டாவது மாடியில் வீடு. மனைவியை இழந்தவர், நல்லவர் என்கிறார்கள். அண்ணன் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

"அங்க வேல, அங்க வீடு. பாலமே தாண்ட வேண்டாம். வசதிதான், இல்லீங்களா?" என்றார்.

எட்டாவது மாடியில் காற்று நன்றாக வரும் என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமா. காத்து நல்லா வரும்."

இதில் செய்தி மதிப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் தேதியோடு குறித்து வைப்பது என் பழக்கம். அரிசி தீர்ந்துவிட்டது. வாங்கவில்லை.

1 ஜூன், வெள்ளி

99.05, 99.65. ராவுத்தரிடம் கேட்டேன், இரண்டில் எது நிற்கும் என்று. ஊரில் எல்லாரும் மலேசிய வெள்ளிதான் நிற்கும் என்கிறார்கள். ரப்பர் இருக்கிறது, ஈயம் இருக்கிறது, செம்பனை இருக்கிறது. சிங்கப்பூரில் என்ன இருக்கிறது?

ராவுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அதைத்தான் நானும் சொல்றேன். ஒண்ணுமே இல்ல. தோட்டம் வச்சிருக்கவன் காசு கொறஞ்சா இன்னும் ரெண்டு மரம் சீவலாம்னு இருப்பான். ஒண்ணுமில்லாதவன் காசைத்தான் புள்ள மாதிரி பாத்துக்குவான். இன்னைக்கு நாளைக்கு இல்ல வே. பத்து வருசம், இருபது வருசம். இது ஏறும்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா தெரிஞ்சா நான் ஏன் முக்காலியில உக்காந்திருக்கேன்?"

இதைச் செய்தியாக எழுதினேன். ஆசிரியர் போடவில்லை. "உன் ராவுத்தர் சொல்றத நம்பி ஜனங்க பணத்த மாத்திட்டா? நமக்கு வேண்டாம்யா."

11 ஜூன், திங்கள்

இன்று நடந்ததை நிமிட வாரியாக எழுதுகிறேன். விசாரணை வந்தால் உதவும்.

5.05: ராவுத்தர் பலகை. வாங்குவது 99.10, விற்பது 99.70. என் குறிப்பேட்டில் சரியாகவே எழுதியிருக்கிறேன்.

5.18: தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்தேன். கோலாலம்பூர் இணைப்புக் கிடைக்க நான்கு நிமிடம்.

5.22: குணசுந்தரி வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்துவிட்டார். கூண்டின் கதவு சரியாகச் சாத்தவில்லை. வெளியே நின்றபடி சொன்னார்: "அண்ணன் சரின்னு சொல்லப் போறாராம். மாசக் கடைசிக்குள்ள பதில் கேக்குறாங்க. சிங்கப்பூர் வெள்ளி மட்டும்தான் அவருக்கு யோசனை. தனிப் பணமா ஆயிருச்சே, நாளைக்குக் காகிதமாயிட்டா என்ன பண்றதுன்னு பயப்படுறாரு. மத்தபடி முடிஞ்ச மாதிரிதான்."

5.23: விலையைச் சொன்னேன். எந்த எண்ணை முதலில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

5.24: தொலைபேசியை வைத்தேன்.

5.22க்கும் 5.23க்கும் தொடர்பு இல்லை.

12 ஜூன், செவ்வாய்

தொடர்பு இருக்கிறதோ இல்லையோ, பத்திரிகையில் வந்தது இது: வாங்குவது 99.70, விற்பது 99.10.

பதினெட்டு வருடத் தொழிலில் நான் இரண்டு முறை பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறேன். ஒரு முறை உயிரோடிருந்தவரின் வயதில் ஒன்றைக் கூட்டிவிட்டேன். அவ்வளவுதான். இரண்டு எண்களை இடம் மாற்றிச் சொன்னதில்லை.

காலை பதினொரு மணிக்கு ராவுத்தர் கடைக்குப் போனபோது சந்து அடைத்துக் கூட்டம். அவர் பெயரை நான் போட்டதில்லை. ஆனால் நான் உட்காரும் முக்காலி ஜொகூர் பாரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஆளுக்கொரு பத்திரிகை கையில். முன்னால் நின்ற ஒரு மீன் வியாபாரி பெட்டியைத் தட்டித் தட்டிக் கேட்டார்.

"நூறு மலேசியா கொண்டாந்தா தொண்ணூத்தொம்பது எழுவதுன்னு போட்டிருக்கு. நீங்க தொண்ணூத்தொம்பது பத்து தர்றீங்க. மிச்சம் அறுபது காசு எங்க பாய்?"

ராவுத்தர் பத்திரிகையை வாங்கிப் படித்தார். பிறகு உரக்கச் சொன்னார்: "இந்தப் பேப்பர் சொல்றபடி பாத்தா, நான் உங்கிட்ட 99.70க்கு வாங்கணும். அதையே உனக்கு 99.10க்குத் திருப்பி விக்கணும். நீ மறுபடி எனக்கே குடுக்கணும். சாயந்தரம் அஸர் தொழுகைக்குள்ள கடை உனக்கு. பலகை உனக்கு. தொப்பி மட்டும் நான் வச்சுக்கலாமா?"

கூட்டம் சிரித்தது. மீன் வியாபாரி சிரிக்கவில்லை. "அறுபது காசுக்கா நான் பாலம் தாண்டி வந்தேன்? பஸ் காசு யாரு தருவா?"

அப்போது ராவுத்தர் என்னைப் பார்த்துவிட்டார். காட்டிக் கொடுக்கவில்லை. பத்திரிகை கையிலிருப்பவர்களுக்கு மட்டும், ஆளுக்கு நூறு வெள்ளி வரை, பகல் பன்னிரண்டு மணி வரை அச்சிட்ட விலையே தருவதாகச் சொன்னார். வீண் சண்டையைவிட அது மலிவாம். இருபத்துமூன்று பேர். ஆளுக்கு அறுபது காசு. பதின்மூன்று வெள்ளி எண்பது காசு.

கூட்டம் போனதும் பணத்தை நீட்டினேன். வாங்க மறுத்தார்.

"வாங்குறதையும் விக்கிறதையும் மாத்திச் சொல்ற ஆளில்ல நீரு. ஒரு மாசமா பாக்குறேன், புள்ளி கூட பெசகாது. நேத்து அந்தக் கூண்டுக்கு வெளிய யாரு வே நின்னது?"

பலகையைப் பார்த்து இன்றைய விலையைக் குறித்துக்கொண்டேன். கேள்வி விலை நிலவரத்துக்குப் புறம்பானது.

"சரி, சொல்ல வேண்டாம். ஆனா பத்து வருசம் கழிச்சு வெள்ளி என்ன வெலன்னு எங்கிட்ட வந்து கேக்குறீரு. நாளைக்கு என்ன ஆகும்னு அந்தப் புள்ளகிட்ட கேக்க வாய் வரலியா?"

ராவுத்தருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. பணம் மாற்றுபவர்கள் முகத்தைப் பார்ப்பவர்கள்.

இன்று ஜூன் 12. இரண்டு வெள்ளிகளும் பிறந்து சரியாக ஆறு வருடம். இதைச் செய்தியாக எழுதியிருக்கலாம். மறந்துவிட்டேன்.

13 ஜூன், புதன்

ஆசிரியர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏகாம்பரம், திருத்தம் போட்டாச்சு. இனிமே விலைய இங்கயே வங்கியில கேட்டுப் போட்டுக்குறோம். நீ பாலம் தாண்ட வேண்டாம். பஸ் காசு கெடையாது. புதன்கிழமையும் சேத்து."

சரி என்றேன்.

"அலைச்சல் மிச்சம்னு சந்தோசப்படுய்யா" என்றார்.

14 ஜூன், வியாழன்

போகவில்லை.

15 ஜூன், வெள்ளி

போகவில்லை. அறையின் ஜன்னலுக்குக் கொக்கி மாட்டினேன். பஸ் நிலையம் அந்த ஜன்னலிலிருந்து தெரியும். கொக்கி மாட்டுவதற்கு இரண்டு மணி நேரமாயிற்று.

18 ஜூன், திங்கள்

நகராட்சியின் வடிகால் கூட்டம். ஏழு தீர்மானங்கள். ஏழாவதைத் தவறவிட்டு, பக்கத்திலிருந்த மலாய்ப் பத்திரிகை நிருபரைக் கேட்டு எழுதினேன்.

பொன்னுரங்கம் முடி வெட்டினார். கேட்காமலே கிருதாவையும் சீர் செய்தார். "பஸ் காசு என்ன பெரிய காசு? நான் வேணா தரவா?" என்றார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பவுடர் போட்டார்.

19 ஜூன், செவ்வாய்

போனேன். சொந்தக் காசில்.

மாலை ஐந்தரைக்கு அஞ்சலக வாசலில் நின்றேன். தொலைபேசிக் கூண்டுக்குள் போகவில்லை. குணசுந்தரி வந்தார். ஐந்து வேலை நாட்களாக என்னைப் பார்க்கவில்லை என்பதை அவர் எண்ணி வைத்திருந்தார். (நானும்தான். ஆனால் எண்ணுவது என் தொழில்.)

"இன்னைக்கு என்ன வெலை?"

"பார்க்கல."

"பலகை இல்லையா?"

"இருக்கு. நான் அந்தப் பக்கம் போகல. ஆசிரியர் நிறுத்திட்டாரு. ஒரு வாரமாச்சு."

"அப்ப இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?"

உறுதியில்லாத தகவலைச் சொல்லக்கூடாது என்பது தொழில் பழக்கம். தகவல் உறுதியானதுதான். சொல்லத்தான் முடியவில்லை. குயின் ஸ்ட்ரீட் பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். பஸ் வந்தது. குணசுந்தரி ஏறாமல் நின்றார். அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருக்கிறது என்று நான் சொன்னேன். இந்தச் சந்தர்ப்பத்தில் எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்.

"ஒரு மாசமா பக்கத்து சீட்டுல உக்காந்து வெள்ளி வெலை பேசினீங்க. வாங்குறது விக்கிறது எல்லாம் எனக்கு மனப்பாடம். கொஞ்சம் இருங்க, நானே சொல்றேன், சரியான்னு மட்டும் பாருங்க. தட்டச்சரு நான், அடுத்தவங்க சொல்ல வர்றத எழுதி எழுதிப் பழக்கம்." கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீங்க என்னப் பாக்கத்தான் வந்தீங்க. இன்னைக்கு மட்டும் இல்ல. புதன்கிழமை எல்லாம் அதான். சரியா?"

"சரி."

"திருத்தம் ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல."

"அப்ப ஞாயித்துக்கிழமை வந்து அண்ணங்கிட்ட பேசுங்க. எனக்குச் சம்மதம். ஆனா அவரு மனசு நோக நான் எதையும் செய்ய மாட்டேன். அம்மா போனப்புறம் எனக்கு அவருதான். அவரையும் சரின்னு சொல்ல வைங்க."

அடுத்த பஸ் பதினான்கு நிமிடத்திலேயே வந்துவிட்டது.

21 ஜூன், வியாழன்

இரண்டு நாடுகளும் தங்கள் வெள்ளியை அமெரிக்க டாலருக்கு எதிராக மிதக்க விட்டுவிட்டன. இனி நிலையான விலை என்று எதுவும் இல்லை. தினமும் சந்தை என்ன சொல்கிறதோ அதுதான். ஆசிரியர் நான்கு பத்தி கேட்டார். கொடுத்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன்.

பொன்னுரங்கம் மைலோ டின்னைத் திறந்து எண்ணிவிட்டு மறுபடி மூடினார். "ஒண்ணும் புரியல லா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுத உட்கார்ந்தேன். பெயர், வயது நாற்பது, சம்பளம், சொந்த ஊர். அதற்கு மேல் ஓடவில்லை.

24 ஜூன், ஞாயிறு

காலை பத்து மணி. தணிகாசலத்தின் வீடு ரயில்வே குடியிருப்பில். ஒல்லியான மனிதர். பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் மூட்டைக்குச் சீட்டு ஒட்டுவதுபோல் நிதானமாக முடிப்பவர். அவர் மனைவி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனார். குணசுந்தரி சமையலறை வாசலில் நின்றார்.

"பசியாறிட்டீங்களா?" என்று ஆரம்பித்தார் தணிகாசலம். ஆயிற்று என்றேன். என் வேலை, சம்பளம், அப்பா அம்மா பற்றிக் கேட்டார். சொன்னேன். எல்லாம் ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிருச்சு. உங்க மேல எனக்கு ஒண்ணும் குறை இல்ல. ஆனா தபால் ஆபீஸ்காரரும் நல்ல மனுசன். ரெண்டு பக்கமும் வச்சுப் பாக்குறேன்" என்றார். காப்பியை ஆற்றினார். "எனக்கு ஒரே பயம். அவருக்குச் சம்பளம், சேமிப்பு, ஓய்வுப் பணம் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளி. சின்னத் தீவு. ரப்பர் இல்ல, ஈயம் இல்ல, குடிக்கிற தண்ணியே நம்ம பக்கத்துலேர்ந்து போகுது. இப்ப மெதக்க வேற விட்டுட்டாங்க. அறுபத்தேழுல என் கையில பழைய நோட்டு நானூறு வெள்ளி இருந்துச்சு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்கு வச்சிருந்தது. ஒரே நாள்ல அறுபது வெள்ளி காணாமப் போச்சு. அந்த மாதிரி இன்னொரு தடவ என் தங்கச்சிக்கு வரக்கூடாது."

"நியாயம்தான்."

"உங்க சம்பளம் மலேசிய வெள்ளி. அது நிக்கும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நீங்க தினமும் பலகை பாத்தவரு. பேப்பர்ல போட்டவரு. நீங்களே சொல்லுங்க. எந்த வெள்ளி நிக்கும்? நீங்க சொல்றத வச்சு இன்னைக்கு சாயங்காலம் அவங்களுக்கு நான் பதில் சொல்லிர்றேன்."

'மலேசியா' என்று சொன்னால் போதும். ஊரே அதைத்தான் சொல்கிறது. பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. நிரூபிப்பதற்கு இருபது வருடமாகும், அதற்குள் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்திருப்பார்கள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாசலில் குணசுந்தரி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"நிச்சயமா யாருக்கும் தெரியாதுங்க" என்றேன். "ஆனா எங்கிட்ட பத்து வெள்ளி இருந்து, இருபது வருசத்துக்கு மறந்துட்டு எங்கயாவது போட்டு வைக்கணும்னா, நான் சிங்கப்பூர் வெள்ளியாத்தான் போட்டு வைப்பேன்."

தணிகாசலம் காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது.

"அப்ப தபால் ஆபீஸ் மாப்பிள்ளைதான் சரின்னு நீங்களே சொல்றீங்க."

"வெள்ளியப் பத்திக் கேட்டீங்க. அதுக்குச் சொன்னேன்."

"நீங்க பொண்ணு கேட்டுத்தானே வந்தீங்க?"

"ஆமாங்க."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். சரக்கு ரயிலில் வந்த, விலாசம் சரியாக இருந்தும் எடை இடிக்கும் பெட்டியைப் பார்ப்பதுபோல.

அப்போதுதான் குணசுந்தரி வாசலிலிருந்து இரண்டடி முன்னால் வந்தார்.

"அண்ணே, சிங்கப்பூர் வெள்ளி ஏறுமா எறங்குமான்னுதான உனக்குப் பயம்? நான் வேலைய விடப்போறதில்ல. சம்பளம் அங்க வாங்குறேன், குடித்தனம் இங்க பண்றேன். இவரு சம்பளம் இங்க. சிங்கப்பூர் வெள்ளி ஏறிச்சுன்னா என் சம்பளத்துல ஓடும். எறங்கிச்சுன்னா இவரு சம்பளத்துல ஓடும். ரெண்டு பேரும் ஒரே வெள்ளி சம்பாதிச்சாத்தான் பயம். தபால்காரரக் கட்டினா ரெண்டு சம்பளமும் ஒரே பக்கம், முழுகினா மொத்தமா முழுகும்."

தணிகாசலம் வாய்க்குள் எதையோ கணக்குப் போட்டார். விரல்கள் முழங்காலில் அசைந்தன. முதலில் ஏறினால் என்ன என்று போட்டார். பிறகு இறங்கினால் என்ன என்று போட்டார் என்று நினைக்கிறேன். இரண்டு தடவையும் விடை ஒன்றாகவே வந்திருக்க வேண்டும், தலையை இரண்டு முறை ஆட்டினார்.

"காலம் பூரா தினமும் பாலம் தாண்டணுமே, பாப்பா?"

"இத்தன வருசமா தாண்டறேன். இனிமே என்ன புதுசா?"

"காலையில ஆறு பத்துக்குப் போற. வீட்டுக்கு வர ஏழு ஏழரை ஆகுது. அதுக்கப்புறம் நீ எப்ப அடுப்புப் பத்த வைப்ப?" அவர் என் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. சீட்டு ஒட்டும் குரல் இல்லை. "தம்பி, உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

"சோறு வடிப்பேன். குழம்பு வைப்பேன். ரசம் சுமாரா இருக்கும்."

எதையும் கூட்டிச் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

"ரசம் மோசம்" என்று திருத்தினேன்.

குணசுந்தரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். தணிகாசலம் எழுந்தார். ஆணியிலிருந்து நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து, தூசியை ஊதிவிட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் விரித்தார்.